பாபராக மாற்றிய புல்லட்டுக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க முடியுமா?

ஈரோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: ‘2011இல் பதிவான 346 சிசி புல்லட்டைப் பழைய வண்டியாக வாங்கி, ஒரு பட்டறையில் கொடுத்து பாபராக (bobber எனும் குட்டைப் பாணி) மாற்றினேன். பின்பக்கச் சட்டத்தை (ஃபிரேமை) வெட்டி ஒற்றை இருக்கை, அகலமான டயர், குட்டை சைலன்சர், கூடவே 499 சிசி எஞ்சின். பதிவு முடிய இன்னும் இரண்டு மாதம்தான். “வண்டியே வர வேண்டாம், எட்டாயிரம் கொடுத்தால் ஆர்.சி. வீட்டுக்கு வரும்” என்கிறார் ஒரு புரோக்கர். கொடுக்கலாமா?’

கொடுக்காதீர்கள். அந்த எட்டாயிரத்தில் பாதிக்கு நல்ல பேட்டரி வாங்கலாம்.

15 ஆண்டு முடிந்த இருசக்கர வாகனத்தை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்த்த பிறகுதான் அடுத்த 5 ஆண்டுக்குப் பதிவு நீட்டிக்கப்பட வேண்டும். வண்டியே வர வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், உங்கள் வண்டிக்குப் பதிலாக வேறொரு வண்டி அங்கே நிற்கப்போகிறது, அல்லது எதுவுமே நிற்கப்போவதில்லை என்று பொருள். ஆர்.சி. வரத்தான் செய்யும். அதில் 346 சிசி, இருக்கை 2 என்று இருக்கும். உங்கள் வண்டியிலோ 499 சிசி, இருக்கை 1. இந்த இரண்டையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாள் வரைக்கும் நிம்மதியாக ஓட்டலாம்.

அந்த நாள் பெரும்பாலும் விபத்து நடந்த மறுவாரம் வரும். என்னிடம் வண்டி செய்துகொண்ட ஒருவருக்கு வந்தது. இன்சூரன்ஸ் சர்வேயர் வளைந்த ஃபோர்க்கை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஸ்டீயரிங் தலையைத் துடைத்தார். அங்கே பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் (வண்டிச் சட்டத்தின் எண்) மேல் மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தார். பிறகு எஞ்சின் எண்ணைப் படம் எடுத்தார். இரண்டே கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆர்.சி. புத்தம்புதிதாகத்தான் இருந்தது, பணம் வரவில்லை. அதை வாங்கிக் கொடுத்த புரோக்கர் அன்றைக்குத் தொலைபேசியை எடுக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆயிற்று. ‘ஒவ்வொரு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஃபிரேம், எஞ்சின், இருக்கை என்று உங்கள் வண்டியில் எண்ண ஆரம்பித்தால் கைவிரல் தேவைப்படும். சைலன்சருக்குத் தனிக் கணக்கு.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ‘அதே கம்பெனி எஞ்சின்தானே, மாற்றலாம்’ என்று பட்டறைக்காரர் உங்களிடம் சொல்லியிருப்பார். அரை உண்மை. பழுதான எஞ்சினுக்குப் பதிலாக அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினைப் பொருத்த இடம் உண்டு. ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எங்கே வாங்கியது என்பதற்கு ரசீது வேண்டும். புதிய எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். 346க்குப் பதில் இன்னொரு 346 என்றால் இந்தப் பாதையில் போகலாம். 499 என்பது அதே பெயர்ப்பலகை தாங்கிய வேறு எஞ்சின். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 150 சிசிக்கு மேல் 350 சிசி வரையிலான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 1,366 ரூபாய். 350ஐத் தாண்டினால் 2,804. நீங்கள் சின்ன வண்டிக்குப் பணம் கட்டிவிட்டுப் பெரிய வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். இதைவிட நல்ல வாதம் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேறென்ன வேண்டும்?

இதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அந்த 499 எஞ்சின் எங்கிருந்து வந்தது? சென்னையின் பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் நேர்மையாக வியாபாரம் செய்பவர்களை எனக்குத் தெரியும். ரசீது கேட்டால் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுப்பார்கள். ரசீது இல்லாத எஞ்சின் என்றால், அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. காவல் துறைக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். ‘எஞ்சின் எண்ணைத் தேய்த்துவிட்டு உங்கள் பழைய எண்ணை அடித்துத் தருகிறேன்’ என்று புரோக்கரோ பட்டறைக்காரரோ சொன்னால் அந்த நிமிடமே வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். எண்ணைக் கிரைண்டரால் தொட்டுவிட்டால் பேச்சு அபராதத்தோடு நிற்காது, திருட்டு வண்டி விசாரணையாகிவிடும். அடித்த எண்ணை அனுபவசாலிகள் விரலால் தடவியே கண்டுபிடிப்பார்கள். எழுத்தின் ஆழம் ஒன்றுபோல் இருக்காது. சுற்றியுள்ள உலோகம் கண்ணாடிபோல் வழவழக்கும்.

அடுத்தது வெட்டிய ஃபிரேம். ஆர்.சி. இருக்கட்டும், உங்கள் முதுகெலும்புக்காகச் சொல்கிறேன். குளிர்பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து வெட்டி ஒட்டிய குழாய் முழுக்க நகர்த்துங்கள். எங்காவது பிடிப்பு தளர்ந்தால் அங்கே பெயின்டுக்குக் கீழே பட்டி பூசி வெல்டிங்கை மறைத்திருக்கிறார்கள். வெல்டிங் ஓரத்தில் பெயின்டில் தலைமுடி அளவுக் கோடு தெரிந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். பின் ஷாக் மேலே பொருந்தும் இடத்துக்கு அருகில் இந்தக் கோட்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. இருபது ஆண்டுகளாக ஆய்வுக்கு வண்டி கொண்டுபோகிறேன். உயரமான ஹேண்டில்பாருக்காக என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வெல்டிங்கைக் குனிந்து பார்த்த அதிகாரியை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஜெர்மனியில் மாற்றிய வண்டியைப் பொறியாளர் சோதித்து, சரியாக இருந்தால் அந்த மாற்றத்தையே ஆவணத்தில் எழுதிக் கொடுக்கிறார். இங்கே ஒரே ஒரு வண்டியை ஒழுங்காகச் செய்தவன் அதைக் காட்டி ஒப்புதல் வாங்க நடைமுறையில் கதவே இல்லை. இருக்கும் ஒப்புதல் முறையெல்லாம் ஆயிரக்கணக்கில் தயாரிக்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. கதவு இல்லாத சுவரில் ஓட்டை போட்டுக் காசு பார்ப்பவர்தான் உங்கள் புரோக்கர்.

சரி, இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியது. பழைய 346 எஞ்சின் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று சொல்லிப் பட்டறைக்காரர் வாங்கிக்கொண்டிருந்தால் நாளைக்கே போய்க் கேளுங்கள்; விற்றிருக்காவிட்டால் பணம் கொடுத்தாவது மீட்டுவிடுங்கள். பின்சட்டத்தை நல்ல வெல்டரிடம் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். வேறு சேசிஸ் வாங்கி மாட்டும் யோசனை வேண்டவே வேண்டாம். சட்டத்தின் கண்ணில் சேசிஸ் எண்தான் உங்கள் வண்டி. இருவர் இருக்கை, முழு மட்கார்டு, கம்பெனி சைலன்சர், ஆர்.சி.யில் உள்ள அளவு டயர். இவை எல்லாம் பழைய சாமான் கடையிலேயே கிடைக்கும், ரசீதோடு வாங்குங்கள். நிறம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆர்.சி.யில் திருத்திக்கொள்ளலாம்.

பிறகு அரசின் வாகனச் சேவை இணையதளமான பரிவாகன் தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். 60 நாள் முன்னதாகவே ஏற்றுக்கொள்வார்கள். படிவம் 25தான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கூடவே பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்று. ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

வெட்டி எடுத்த சாமான்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த 499 எஞ்சினுக்கு ரசீது இருந்தால், 500 சிசி என்றே பதிவான வண்டி கிடைக்கும்போது அதன் உதிரி பாகமாகவாவது பயன்படும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஸ்டீயரிங் தலையைத் துடைத்து, மெல்லிய தாள் வைத்து, மென்மையான பென்சிலால் தேய்த்து சேசிஸ் எண்ணை எடுங்கள். ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் பட்டறைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் முதலில் எனக்கு எழுதுங்கள்.