எழுத முடிந்தது, படிக்க முடியவில்லை

கேள்வி: வயது 54. ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதிவிடுகிறேன். தெரிந்த பெயர்கூட நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறது. போன வாரம் ஒருநாள் காலை, அரை மணி நேரம் செய்தித்தாள் புரியாத மொழி போலத் தெரிந்தது. பேசவும் எழுதவும் முடிந்தது. பிறகு சரியாகிவிட்டது. இணையத்தில் பார்த்ததில் மறதி நோய் என்றிருந்தது. ஞாபகசக்தி மாத்திரை சாப்பிடுகிறேன். தொடரலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்துங்கள். இணையத்தில் நோய் தேடுவதையும்தான். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்காக இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வாரம் தாமதித்ததே தப்பு.

பள்ளி பல்லியாவது எனக்கும் நடக்கிறது. எழுதும்போது சொல் மனசுக்குள் ஒலித்துக்கொண்டே கைக்கு வருகிறது. ஒலி நெருக்கமாக இருந்தால் அவசரத்தில் எழுத்து மாறும். திரும்பப் படித்ததும் உங்களுக்கே உறுத்துகிறதே, அப்புறம் என்ன கவலை? நாக்கு நுனி விஷயம் வயதோடு வருவது.

படிக்கும் பாதை வேறு. கண்ணில் பட்ட எழுத்துகளைச் சொல்லாக அடையாளம் காண, மூளையின் இடது பக்கம் பின்புற அடிப்பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்துதான் சொல்லின் ஒலிக்கும் அர்த்தத்துக்கும் இணைப்பு போகிறது. அங்கே ரத்தம் தடைபட்டால் பேச்சும் எழுத்தும் தப்பித்து, படிப்பு மட்டும் போகலாம். 1892-இல் தெஜெரின் என்ற பிரெஞ்சு மருத்துவர் இப்படி ஒருவரைப் பற்றி எழுதினார். அந்த நோயாளி சரளமாக எழுதுவார். தான் எழுதியதையே படிக்கத் தெரியாது. எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்தால்தான் அது என்ன எழுத்து என்று பிடிபடும். காரணம் பக்கவாதம், அதாவது ஸ்ட்ரோக்.

கை கால் இழுத்தால்தான் ஸ்ட்ரோக் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்களுக்கு வந்து போனது அதன் முன்னறிகுறியாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலியும் வலிப்பும்கூட இப்படிச் செய்யும். எது என்பதை ஸ்கேன், ஈ.சி.ஜி., கழுத்து ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பார்த்து நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும். அதற்குள் நீங்களாக ஆஸ்பிரின் போடாதீர்கள். ரத்தக்கசிவாக இருந்தால் விபரீதம்.

மறுபடி வந்தால் படுத்துப் பார்க்க வேண்டாம். மணியைக் குறித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். அந்த இடத்தில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் வலப்பக்கப் பார்வையும் சேர்ந்தே போகும், பல பேருக்கு அது தெரிவதே இல்லை.