ஏணியில் யாராவது குடியிருப்பார்களா?

கேள்வி: அமெரிக்காவில் சிறு ஊர்களுக்குப் பறக்கும் பிராந்திய விமான நிறுவனங்கள் ‘விமானி கிடைக்கவில்லை’ என்று சேவையை நிறுத்துகின்றன. 1,500 மணி நேரம் பறந்தவருக்குத்தான் வேலை என்ற சட்டம்தானே இதற்குக் காரணம்? அதைத் தளர்த்தினால் என்ன? பெரிய தொகையைப் போனஸாகக் கொடுத்தாலும், வேலை கற்றுத்தந்த நிறுவனத்தை இரண்டே வருடத்தில் உதறிவிட்டு ஓடும் இளைஞர்களை என்னவென்று சொல்வது?

பதில்: கணக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்வேன். நீங்கள் எதிர்பார்த்த வார்த்தை அதுவல்ல என்பது புரிகிறது.

முதலில் அந்த நிறுவனங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று பாருங்கள். விமானத்தின் உடம்பில் அமெரிக்கன் ஈகிள், டெல்டா கனெக்‌ஷன், யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருக்கும். ஓட்டுவது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்ற வேறொரு நிறுவனம். டிக்கெட்டை விற்பதும் விலை வைப்பதும் பெரும்பாலும் பெரிய நிறுவனம்தான். சின்ன நிறுவனத்துக்கு ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக் கூலி. கட்டணத்தை ஏற்றி வருமானம் பார்க்க வழியில்லாதவன் எங்கே மிச்சம் பிடிப்பான்? சம்பளத்தில்தான். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. விமானப் பயிற்சிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் கடன் வாங்கி வந்தவருக்கு, ஆண்டுக்கு இருபதாயிரம் டாலரை ஒட்டிய சம்பளம். பெரிய நிறுவனத்துக்குப் போகும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள் என்பதுதான் எழுதாத ஒப்பந்தம். ஏணி என்று சொல்லித்தான் ஆள் பிடித்தார்கள். ஏறிப் போகிறவனை இப்போது ஓடுகிறான் என்கிறார்கள்.

அடுத்தது சீனியாரிட்டி. இந்தத் தொழிலில் எல்லாமே அதுதான். எந்த விமானம், எந்த ஊரிலிருந்து, எந்த வழித்தடம், தீபாவளியோ கிறிஸ்துமஸோ லீவு உண்டா, எப்போது கேப்டன் ஆவது, ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியே போவது என்று அத்தனையையும் தீர்மானிப்பது சேர்ந்த தேதி. ஒரு நிறுவனத்தின் சீனியாரிட்டி இன்னொன்றில் செல்லாது. இருபது வருட கேப்டனும் புது இடத்தில் கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். ஆகவே பெரிய நிறுவனத்தில் ஆறு மாதம் தாமதமாகச் சேர்ந்தால், அந்த ஆறு மாதத்தில் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் 65 வயதில் ஓய்வு பெறும் வரை உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். போனஸ் ஒரு தடவை வரும். அந்த வரிசை எண்ணோடு முப்பது வருடம் வாழ வேண்டும். நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?

சரி, சட்டத்துக்கு வருவோம். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே ஒரு வீட்டின் மேல், கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல் கனெக்‌ஷன். வேகம் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தபோது, விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். முந்தைய தேர்வுகளில் அவர் சிலவற்றில் தோற்றிருந்தார். துணை விமானி முதல் நாள் இரவு நாட்டின் மறு கோடியான சியாட்டிலில் புறப்பட்டு, வேறு விமானங்களில் தொற்றிக்கொண்டு வேலைக்கு வந்தவர். வேலை செய்யும் ஊரில் வீடு எடுத்துத் தங்குகிற சம்பளமா அது என்ற கேள்வி விசாரணையில் எழுந்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடி, 2010இல் சட்டம் வந்தது. அதுவரை சுமார் 250 மணி நேரத்தோடு துணை விமானி இருக்கையில் உட்கார முடிந்தது. 2013 முதல் 1,500 ஆனது. ராணுவத்திலிருந்து வந்தால் 750, விமானவியலில் பட்டம் பெற்றிருந்தால் 1,000 என்ற சலுகைகளும் உண்டு.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பஃபலோ விமானத்தின் இருவருமே 2,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். இந்தச் சட்டம் அன்றே இருந்திருந்தாலும் அவர்களைத் தடுத்திருக்காது. அது உண்மை. வெறும் மணிக்கணக்கு திறமைக்குச் சான்றாகிவிடாது என்பதும் நியாயமான பேச்சு. ஆனால் நீங்கள் கேட்டது பாதுகாப்பைப் பற்றி அல்ல, ஆள் பற்றாக்குறையைப் பற்றி. அதற்கு இந்தச் சட்டம் மட்டுமே காரணம் என்பது நடந்ததோடு ஒட்டவில்லை.

நடந்தது இதுதான். 2020இல் கொரோனா வந்ததும், பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வில் அனுப்பின. பயணிகள் திரும்பி வந்தபோது ஆள் இல்லை. பிராந்திய நிறுவனங்களின் கேப்டன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இங்கேதான் முடிச்சு. காலியானது இடது பக்க இருக்கை, அதாவது கேப்டன் இருக்கை. வலது பக்கத்துக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கேப்டனாக, விமான நிறுவனப் பணியில் 1,000 மணி நேரம் துணை விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அந்த மணி நேரத்தைச் சேர்க்கப் பறக்க வேண்டும்; பறக்கப் பக்கத்தில் கேப்டன் வேண்டும்; கேப்டன்தான் போய்விட்டாரே! புதியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் காத்திருக்க, விமானங்கள் ஓரமாக நின்றன. தகுதி வந்தவர்களிலும் சிலர் கேப்டன் பதவி வேண்டாம் என்றார்கள். மூத்த துணை விமானிக்கு நல்ல அட்டவணை கிடைக்கும். புது கேப்டனோ போன் எப்போது அடிக்கும் என்று தயார்நிலையில் கிடக்க வேண்டும். நுழைவு வாசலை 1,500இலிருந்து 750 ஆக்கினால் இந்த முடிச்சு எப்படி அவிழும்? 2022இல் ரிபப்ளிக் நிறுவனம் தன் பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்கு அந்த 750ஐத்தான் கேட்டது. அரசு மறுத்துவிட்டது.

அதே ஆண்டு மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், அரசு மானியத்தில் பறந்துகொண்டிருந்த 29 சிறு ஊர்களைக் கைவிடப் போவதாக நோட்டீஸ் கொடுத்தது. மாற்று நிறுவனம் வரும் வரை தொடர வேண்டும் என்று அரசு பிடித்து நிறுத்தியது. அப்புறம் ஜூனில் ஓர் அதிசயம் நடந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சொந்தப் பிராந்திய நிறுவனங்கள், முதல் ஆண்டு துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. அத்தனை ஆண்டுகளாகக் கட்டுப்படியாகாது என்று சொல்லப்பட்ட சம்பளம், தாய் நிறுவனத்துக்குத் தேவை என்று வந்தவுடன் கட்டுப்படியாகிவிட்டது.

2024ஐயும் பாருங்கள். போயிங் விமானங்கள் வந்து சேரத் தாமதமானதால் யுனைடெட் புதிய விமானிகளை எடுப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது, சவுத்வெஸ்ட்டும் நிறுத்தியது. மேலே கதவு சாத்தியதும் கீழே வெளியேற்றம் தணிந்தது. 1,500 மணி நேரச் சட்டத்தில் யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. குழாயைத் திறப்பதும் மூடுவதும் எந்தக் கை என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்தச் சட்டத்தால் அடிபட்டவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. வயோமிங் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் என்ற சிறு விமான நிறுவனம், ஒன்பது இருக்கைக்கு மேல் இருந்தால்தான் விதி கறார் என்பதால், தன் 19 இருக்கை விமானங்களில் பத்து இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பறந்து பார்த்தது. அப்படியும் 2018 மார்ச்சில் நின்றுபோனது. பெரிய நிறுவனத்தின் தயவு இல்லாமல் சின்ன ஊர்களை நம்பியிருந்தவர்களுக்கு அடி பலமாகத்தான் விழுந்தது.

கடைசியாக, அந்த விசுவாசக் கேள்வி. 2020 ஏப்ரலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கம்பாஸ் என்ற பிராந்திய நிறுவனங்கள் இரண்டும் சில நாள் இடைவெளியில் மூடப்பட்டன. யுனைடெட் ஒப்பந்தத்தை இழந்த எக்ஸ்பிரஸ்ஜெட் செப்டம்பரோடு அந்தப் பறப்பை முடித்துக்கொண்டது. போட்டியில் பெரிய நிறுவனம் வேறொரு பிராந்திய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான். அங்கே ஓடிப்போகாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களின் சீனியாரிட்டி எண் அன்றோடு முடிந்தது. வேறு இடத்தில் வேலை கிடைத்தவர்கள் முதல் ஆண்டு சம்பளத்தில், பட்டியலின் அடியில் போய்ச் சேர்ந்தார்கள்.