தங்கம் தேடும் சின்னக் கம்பெனிகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, ஸ்கார்பரோவில இருக்கிறன். ஒரு தங்க ஆய்வுக் கம்பெனியின்ர பங்கு 12 சதத்துக்குப் போகுது. துளை போட்டதில 8 மீட்டருக்கு, டன்னுக்கு 15 கிராம் எண்டு அறிக்கை விட்டிருக்கினம். வாங்கலாமோ?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. அரை மீட்டரில் மட்டும் டன்னுக்கு 240 கிராம் இருந்து, மீதி ஏழரை மீட்டரும் வெறும் கல்லாக இருந்தாலும் சராசரி 15 தான் வரும். மீட்டர் மீட்டராகப் பிரித்துப் போட்ட அட்டவணை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: பிரே-எக்ஸ் தங்க மோசடியில் உண்மையில் என்ன நடந்தது சார்?

பதில்: அது கனடாவின் கால்கரி நகரத்துத் தங்க ஆய்வுக் கம்பெனி. இந்தோனேசியாவின் போர்னியோ தீவில் பூசாங் என்ற காட்டுப் பகுதியில் 7 கோடி அவுன்ஸ் வரை தங்கம் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் கம்பெனியின் சந்தை மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. துளையிலிருந்து எடுக்கும் கல் தண்டை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைப்பதுதான் வழக்கம். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தப் பாதியை எடுத்துப் பார்க்கலாம். இவர்களோ ஏறக்குறைய முழுத் தண்டையும் அரைத்துவிட்டார்கள். அந்த மாதிரிகளில் ஆற்றுத் தங்கத்தைக் கலந்திருந்தார்கள். ஆற்றில் உருண்டு வந்த துகளுக்கு ஓரம் மழுங்கியிருக்கும். கல்லுக்குள்ளேயே இருந்த தங்கம் அப்படி இருக்காது. 1997 மார்ச்சில் ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்கச் சுரங்கக் கம்பெனி அந்தத் துளைகளுக்குப் பக்கத்திலேயே துளை போட்டுப் பார்த்தது. சொல்லும்படி எதுவும் இல்லை. ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிகூடப் பணத்தை இழந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கேள்வி: அதற்கப்புறம் சட்டம் வந்துவிட்டதே?

பதில்: 2001-ல் கனடாவில் 43-101 விதி வந்தது. சுரங்கக் கம்பெனி வெளியிடும் ஆய்வு விவரங்களுக்குத் தகுதியுள்ள நிபுணர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். மிக நல்ல விதி. ஆனால் நேர்மையாகத் தேடியும் ஒன்றும் கிடைக்காமல் போவதுதான் இந்தத் தொழிலில் அதிகம். அதற்கு எந்த விதியும் ஈடு தராது.

கேள்வி: தங்கம் கிடைத்த பிறகும் என் மச்சானுக்கு நஷ்டம். எப்படி?

பதில்: வருமானம் இல்லாத கம்பெனி, அடுத்த துளைக்குக் காசு வேண்டுமென்றால் புதுப் பங்கு வெளியிடும். 5 கோடிப் பங்கு 20 கோடியானால் அவருடைய பாத்தியதை நாலில் ஒன்றாகிவிடும். வாரண்டுகளையும், அதாவது பின்னால் குறித்த விலைக்குப் புதுப் பங்கு வாங்கும் உரிமைகளையும், சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: திரும்பவும் நான்தான் அண்ணை. வீட்டு முன்பணத்துக்குச் சேர்த்த காசு இது.

பதில்: அப்படியானால் வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தப் பங்கு ஒரு நாளைக்கு எத்தனை கைமாறுகிறது என்று பாருங்கள். கெட்ட செய்தி வரும் நாளில் விற்க எல்லோரும் நிற்பார்கள், வாங்க ஆள் இருக்காது.