பூமராங் வடிவமைக்க எந்த மென்பொருள் கற்கலாம்? எங்கே தொடங்குவது?

சொந்தமாக பூமராங் வரைந்து வெட்ட ஆசை, கேட் (CAD, கணினியில் வரைந்து வடிவமைக்கும்) மென்பொருள் எதுவும் தெரியாது, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டையான படங்கள் வரையும் இங்க்ஸ்கேப்பில் தொடங்குங்கள். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். 5 மி.மீ. பிளைவுட்டில் வெட்டப்போகும் தட்டை உருவத்துக்கு முப்பரிமாணம் தேவையே இல்லை.

நான் இதைக் கேட்காமல் நேரே முப்பரிமாண மென்பொருளான ஃப்ரீகேடில் குதித்தவன். V வடிவத்தில் ஒரு கையை மட்டும் வரைந்தேன். வெளிப்பக்கம் தடித்து உருண்ட விளிம்பு, உட்பக்கம் சரிந்து மெலிந்த விளிம்பு. அப்புறம் மறு கைக்கு மிரர் (கண்ணாடிப் பிம்ப நகல்) கொடுத்தேன். திரையில் பருந்து சிறகு விரித்த மாதிரி இருந்தது. 3டி பிரிண்ட் எடுத்து மைதானத்தில் வீசினால், தள்ளாடிப் போய்ப் பொத்தென்று விழுந்தது. என் கைதான் சரியில்லை என்று மூன்று சாயங்காலம் வீசிப் பார்த்தேன். பாவம், கையின் மேல் தப்பே இல்லை.

உங்கள் வீட்டு சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். எல்லா இறக்கையும் சுழலும் திசையைப் பார்த்து ஒரே மாதிரி சாய்ந்திருக்கும். பூமராங்கும் சுழலும் பொருள்தான். தடித்த விளிம்பு எப்போதும் காற்றைக் கிழித்து முன்னால் போக வேண்டும். அதனால் V-இன் ஒரு கையில் அது வெளிப்பக்கம் வந்தால், மறு கையில் உட்பக்கம் வந்தாக வேண்டும். வெளிக்கோடு பார்க்க ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், விளிம்புச் சரிவு அப்படியல்ல. நான் மிரர் கொடுத்ததில் ஒரு கை பின்னோக்கிப் பறந்திருக்கிறது.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் மூன்று இறக்கை வடிவத்தில் தொடங்குங்கள். ஒரு இறக்கை வரைந்து 120 பாகை வீதம் சுழற்றி நகலெடுத்தால் போதும். ஃப்ரீகேடில் இதற்குப் போலார் பேட்டர்ன் என்று பெயர்.

அடுத்த தொல்லை அளவு. இங்க்ஸ்கேப்பின் 0.92 பதிப்பில் (2017) ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்ததை 96 ஆக்கினார்கள். பழைய வரைபடத்தைத் திறந்தால் ஒரு கேள்வி கேட்கும். படிக்காமல் ஓகே கொடுத்தேன், 300 மி.மீ. பூமராங் 281 ஆகிவிட்டது. இப்போதெல்லாம் தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டுவிடுவேன். பிரிண்ட் வந்ததும் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் ஒட்டுவது. பிரிண்டரில் 'ஃபிட் டு பேஜ்' டிக்கை எடுக்க மறக்காதீர்கள்.

வெளிக்கோட்டோடு சரிவு எதுவரை வரவேண்டும் என்ற கோட்டையும் வேறு லேயரில் வரையுங்கள். அரம் போடும்போது பிளைவுட்டின் அடுக்குகள் வயல் வரப்பு மாதிரி வரிவரியாகத் தெரியும். மூன்று இறக்கையிலும் அந்த வரிகள் ஒரே மாதிரி வளைந்தால் சரிவும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது. இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் செய்து தராது.

இதெல்லாம் கைக்கு வந்தபின் ஃப்ரீகேட் உண்மையாகவே உதவும். பலமாக வீசினால் பெரிய வட்டம் அடிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வட்டத்தின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எடை எங்கே இருக்கிறது, இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்பதுதான், வீசும் வேகமல்ல. நெதர்லாந்தின் ஃபெலிக்ஸ் ஹெஸ் 1975இல் க்ரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இதையெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆகவே நீளம், அகலம், தடிமன் மூன்றையும் ஃப்ரீகேடின் ஸ்ப்ரெட்ஷீட்டில் எண்ணாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் புதிதாக வெட்டிப் பாருங்கள். 3டி பிரிண்ட் எடுத்தே வீசுவதாக இருந்தால், அதற்குப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் கெட்டித் தரையில் பட்டதும் விரிசல் விடும், புல்தரை தேடிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் என்றால், இங்க்ஸ்கேப்புக்கு ஒரு சனி ஞாயிறு போதும். ஃப்ரீகேடுக்கு எனக்கு ஒரு மாதச் சாயங்காலங்கள் போயின.

வலது கைக்காரருக்கான பூமராங், சரிவுள்ள பக்கத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுழலும். நீங்கள் இடது கைக்காரர் என்றால் எல்லாம் முடிந்தபின் முழு உருவத்துக்கும் ஒரே ஒருமுறை மிரர் கொடுங்கள். அங்கே அது சரி.