வாசகர் கேள்விகள்: பயங்கரவாதத்தை ஒடுக்குவது போலீஸா, ராணுவமா?

பள்ளி ஆசிரியர், கும்பகோணம்: பயங்கரவாதிகளைக் குற்றவாளிகளாகக் கருதி நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்கிறார்கள் சிலர், எதிரிப் படையாகக் கருதி ராணுவத்தை ஏவ வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். அமெரிக்கா இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. எது பலன் தந்தது?

பதில்: ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவரின் கதையைப் பார்த்தால் விடையின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில், வாடகை வேன் ஒன்றில் வைத்திருந்த குண்டு வெடித்து 6 பேர் இறந்தார்கள்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இடிபாடுகளில் இறங்கித் தேடிய புலனாய்வாளர்களின் கையில், அந்த வேனின் அடையாள எண் பொறித்த உலோகத் துண்டு ஒன்று சிக்கியது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஜெர்சி சிட்டியில் இருந்த வாடகை நிலையத்துக்குப் போனார்கள். வண்டியை எடுத்திருந்த முகமது சலாமே, அது திருடு போய்விட்டதாகப் புகார் கொடுத்துவிட்டு, தான் கட்டிய 400 டாலர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு அங்கேயே வந்து நின்றார். (இவ்வளவு பெரிய நாசவேலையைச் செய்தவர்களுக்கு முன்பணத்தை விட்டுவிட மட்டும் மனம் வரவில்லை!) மார்ச் 4 அன்று அவர் கைதானார். மறு ஆண்டே அவருக்கும் மூன்று கூட்டாளிகளுக்கும் 240 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பாகிஸ்தானுக்குத் தப்பிய சூத்திரதாரி ரம்ஸி யூசுஃப் 1995-ல் இஸ்லாமாபாத்தில் பிடிபட்டார். 1998 ஜனவரியில் ஆயுள் தண்டனையும், அதற்கு மேல் 240 ஆண்டுகளும் விதிக்கப்பட்டன. வழக்கு அத்தோடு முடிந்தது.

அவருடைய மாமன்தான் 2001 செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்ட காலித் ஷேக் முகமது. இவர் 2003 மார்ச்சில் ராவல்பிண்டியில் பிடிபட்டார். ஆனால் இவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ தன் ரகசியச் சிறைகளுக்குக் கொண்டுபோனது. தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணற வைக்கும் சித்திரவதை 183 முறை இவர்மீது நடத்தப்பட்டது. 2006-ல் கியூபா தீவில் அமெரிக்க ராணுவம் நடத்தும் குவாண்டனாமோ சிறைக்கு மாற்றப்பட்டார். அப்படிப் பெற்ற வாக்குமூலத்தை ஏற்பதா, தள்ளுவதா என்ற சச்சரவிலேயே ஆண்டுகள் ஓடிவிட்டன. குற்றத்தை ஒப்புக்கொண்டால் மரண தண்டனை இல்லை என்று 2024-ல் ஏற்பட்ட உடன்பாட்டையும் பாதுகாப்பு அமைச்சர் ரத்து செய்துவிட்டார். 6 பேரைக் கொன்றவருக்குத் தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது; ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொன்ற வழக்கில் முறையான விசாரணையே தொடங்கவில்லை.

ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வேலூர்: வாரண்ட்டை எடுத்துக்கொண்டு ஆப்கானிஸ்தான் மலைக்குள் எந்த இன்ஸ்பெக்டர் போவார், ஐயா?

பதில்: நியாயமான கேள்வி, நான் மழுப்ப மாட்டேன். அல்-கொய்தா தலைவர் பின்லேடன்மீது நியூயார்க் நீதிமன்றத்தில் 1998-லேயே குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. அவரை ஒப்படைக்கச் சொல்லி 1999-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானமும் போட்டது. அவருக்கு இடம் கொடுத்திருந்த ஆப்கானிஸ்தானின் தாலிபான்கள் அசைந்து கொடுக்கவில்லை. கைது செய்து கொடுக்க அரசே இல்லாத அல்லது மனமில்லாத இடத்தில் குற்றப்பத்திரிகை வெறும் காகிதம்தான். அங்கே இருந்த அவருடைய பயிற்சி முகாம்களைக் கலைக்கப் படையால்தான் முடிந்தது.

ஆனால் முகாமைக் கலைப்பது ஒரு வேலை, நாட்டை ஆள்வது வேறு வேலை. முதல் வேலை சில மாதங்களில் முடிந்தது. இரண்டாவதில் இருபது ஆண்டுகள் சிக்கிக் கிடந்த பிறகு, 2021 ஆகஸ்டில் காபூல் மீண்டும் தாலிபான்கள் வசமே போனது. பின்லேடனையே எடுத்துக்கொள்ளுங்கள்: பாகிஸ்தானின் அபோட்டாபாத் வீட்டில் அவரைச் சுட்டவர்கள் அமெரிக்கக் கடற்படை அதிரடிப் படையினர்தான். அந்த வீட்டைக் கண்டுபிடித்ததோ, கடிதம் கொண்டுபோகும் ஓர் ஆளை உளவுத்துறை பல ஆண்டுகள் பொறுமையாகத் தேடிப் பின்தொடர்ந்ததால்.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: "போர்" என்று பெயர் வைப்பதால் சட்டத்தில் என்ன மாறிவிடும்?

பதில்: ஏறக்குறைய எல்லாமே மாறிவிடும். போலீஸ்காரர் கடைசி வழியாகத்தான் சுடலாம். போர்வீரர் எதிரியைக் கண்ட இடத்தில் சுடலாம். கைதியை நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். போர்க்களத்தில் பிடிபட்டவரைப் போர் முடியும்வரை விசாரணையின்றி வைத்திருக்கலாம். நாடுகளுக்கு இடையிலான போர் ஒரு நாள் உடன்படிக்கையில் முடியும், ஆனால் பயங்கரவாதத்துக்கு எதிரான போரை முடித்துக் கையெழுத்திடப் போவது யார்? இந்த ஓட்டை வழியாகத்தான் 2002 முதல் சுமார் 780 பேர் குவாண்டனாமோவுக்குள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமலே பின்னர் வெளியே வந்தார்கள்.

அங்கிருந்து சாதாரண நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டவர் அகமது கைலானி ஒருவர்தான். கென்யாவிலும் தான்சானியாவிலும் இருந்த அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வைத்த வழக்கில், வற்புறுத்தி நடத்திய விசாரணையின் மூலம் தெரியவந்த முக்கியச் சாட்சியை நீதிபதி அனுமதிக்க மறுத்துவிட்டார். 2010-ல் ஜூரர்கள் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவினர்) 280-க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்து, ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றார்கள். "பார்த்தீர்களா, நீதிமன்றத்தை நம்பினால் இதுதான் கதி" என்று வாஷிங்டனில் கூக்குரல் எழுந்தது. அந்த ஒற்றைக் குற்றத்துக்கே அவருக்கு ஆயுள் சிறை கிடைத்தது, பரோல் இல்லாமல்.