ஸ்போடு பீங்கான்: எலும்புச் சாம்பல், நீல அச்சு, ஒரு பழைய ஆலை – கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஸ்டோக் ஊர்ப் பீங்கான்களைப் பல வருடமாகச் சேர்த்து வருகிறேன். அந்த ஊரின் பழைய பீங்கான் கம்பெனியான ஸ்போடைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், போன் சைனாவில் நிஜமாகவே எலும்பு இருக்கிறதா? எங்கள் வீடு சுத்த சைவம்.

பதில்: இருக்கிறது. ‘போன்’ என்றால் எலும்பு; எலும்புச் சாம்பல் கலந்து செய்யும் வெள்ளைப் பீங்கான் அது. பெரும்பாலும் மாட்டெலும்பு. அதைக் கடும் சூட்டில் எரித்து, வெள்ளைச் சாம்பலாக்கி அரைப்பார்கள். ஸ்போடு நிலைநிறுத்திய கலவையில் 6 பங்கு எலும்புச் சாம்பல், 4 பங்கு கார்ன்வால் கல் (இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிடைப்பது), மூன்றரைப் பங்கு வெள்ளைக் களிமண். கிட்டத்தட்ட பாதி சாம்பல்தான். சூளையில் வெந்தபின் மிஞ்சுவது தாது மட்டுமே. ஆனாலும் அதை வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வீட்டுப் பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எலும்பு சேராத சாதாரண பீங்கானிலும் அருமையான கோப்பைகள் கிடைக்கின்றன.

கேள்வி: போன் சைனாவைக் கண்டுபிடித்தவர் ஸ்போடு என்கிறார்கள். சரியா?

பதில்: பாதி சரி. மண்ணில் எலும்புச் சாம்பல் சேர்ப்பதை அவருக்கு முன்பே செய்திருக்கிறார்கள். லண்டன் அருகே போ என்ற இடத்தில் இருந்த ஆலையின் தாமஸ் ஃப்ரை 1749-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்தச் சரக்கு ஒரே தரத்தில் வரவில்லை.

நல்ல வெள்ளைப் பீங்கானுக்கு கார்ன்வால் களிமண்ணும் கல்லும் வேண்டும். அவற்றை வைத்துப் பீங்கான் செய்யும் உரிமை 1768-இல் வில்லியம் குக்வொர்த்திக்குக் கிடைத்தது. பிறகு அது ரிச்சர்ட் சாம்பியன் கைக்குப் போய் 1796 வரை நீண்டது. இதற்கிடையில் 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குவதை நிறுத்தியது. சந்தை காலி, மண்ணும் கைக்கு வரப்போகிறது. அந்த நேரத்தில் சோதனையில் இறங்கியவர் முதலாம் ஜோசையா ஸ்போடு. 1797-இல் அவர் திடீரென இறந்துவிட, மகன் இரண்டாம் ஜோசையா அதை முடித்து 1800-ஐ ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த ஸ்டோக் ஆலைகள் எல்லாம் ஏறக்குறைய இதே கலவையைத்தான் பின்பற்றின. என்னைக் கேட்டால் மகனுக்குத்தான் கூடுதல் பெருமை. லண்டன் கடையில் பல வருடம் உட்கார்ந்து, வாங்குகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று நேரில் பார்த்தவர் அவர்.

கேள்வி: அந்த முதல் ஸ்போடு பணக்காரக் குடும்பமா?

பதில்: இல்லவே இல்லை. ஆறு வயதில் தகப்பனை இழந்த ஏழைப் பிள்ளை. 16 வயதில், 1749-இல், தாமஸ் வீல்டன் என்ற குயவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். வீல்டனின் கணக்கேட்டில் அந்தக் கூலி பதிவாகியிருக்கிறது: 2 ஷில்லிங் 3 பென்ஸ், தகுதி இருந்தால் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அந்த மூன்று பென்ஸ் வித்தியாசத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். அந்தப் பையன்தான் 1776-இல் ஸ்டோக்கில் ஓர் ஆலையை விலைக்கு வாங்கினான். 1806-இல் இளவரசரே வந்து ஆலையைப் பார்த்தார், மகனுக்கு அரசப் பட்டமும் கிடைத்தது. அதைப் பார்க்க அப்பாதான் இல்லை.

கேள்வி: அண்ணா, என் மாமியார் ஒரு நீலத் தட்டு கொடுத்தார். இடிந்த கோட்டை, ஆறு, ஆடுமாடு எல்லாம் இருக்கிறது. ஸ்போடு ப்ளூ இத்தாலியன் போன் சைனா என்றார்.

பதில்: ப்ளூ இத்தாலியனாகத்தான் இருக்கும், 1816-இல் வந்த வடிவம். ஆனால் அது போன் சைனா அல்ல, மண்பாண்ட வகை. ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைப் பிடித்து, பின்னால் விரலை வையுங்கள். போன் சைனாவாக இருந்தால் விரலின் நிழல் தெரியும். இதில் தெரியாது. அதனால் மதிப்புக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்போடின் பெயரை வீடுவீடாகக் கொண்டுபோனது இந்த நீலம்தான்.

செம்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, கோபால்ட் மையைச் சூடாகத் தேய்த்து, மெல்லிய தாளில் ஒற்றி எடுப்பார்கள். தாளை ஒரு முறை சுட்ட தட்டின்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் நனைத்துத் தாளை எடுத்துவிடுவார்கள். மை மட்டும் தங்கும். அதன்மேல் கண்ணாடிப் பூச்சு போட்டு மறுபடி சூளை. பழைய தட்டாக இருந்தால் விளிம்புப் பூவேலையைப் பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் ஓர் இலை பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த பூவில் முட்டி நிற்கும். தாளின் இரு முனைகளும் சேர்ந்த இடம் அது. என் தட்டில் ஒரு மொட்டுக்குப் பாதி உடம்புதான். கத்தரிக்கோல் பிடித்த அந்தக் கை இன்னும் அங்கே இருப்பதுபோல் தோன்றும்.

கேள்வி: என் கோப்பையின் அடியில் "காப்லேண்டு" என்று இருக்கிறது. போலியா?

பதில்: பெயரை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. 1833-இல் வில்லியம் டெய்லர் காப்லேண்டும் தாமஸ் காரெட்டும் ஆலையை வாங்கினார்கள். 1847 வரை இருவர் பெயரும், அப்புறம் காப்லேண்டு பெயரும் முத்திரையில் வரும். 1970-இல்தான் கம்பெனி மறுபடி ஸ்போடு ஆனது. "இங்கிலாந்து" என்ற சொல்லும் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அமெரிக்காவின் இறக்குமதிச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டதால் வந்த பழக்கம் அது.

கேள்வி: இந்தியாவுக்கும் ஸ்போடுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: படங்களில் உண்டு. வங்காளத்தில் பணிபுரிந்த கேப்டன் தாமஸ் வில்லியம்சனின் வேட்டைப் புத்தகத்துக்குச் சாமுவேல் ஹாவிட் வரைந்த படங்களை 1810-ஐ ஒட்டித் தட்டுகளில் நீலத்தில் அச்சிட்டார்கள். யானை, புலி, பன்றி வேட்டை. ஒவ்வொரு அளவுத் தட்டுக்கும் தனித்தனிக் காட்சி. அன்றைக்கு இது அபூர்வம்.

கேள்வி: தங்க விளிம்புக் கோப்பையை மைக்ரோவேவில் வைக்கலாமா?

பதில்: கூடாது. பொறி பறக்கும். கையால் கழுவுங்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய ஆலை ஏன் மூடியது? இப்போது கடையில் கிடைப்பது யாருடையது?

பதில்: விருந்துக்கென்று பெரிய செட் வாங்கும் பழக்கம் குறைந்தது, மலிவான இறக்குமதி பெருகியது. ஸ்போடும் ராயல் வூஸ்டர் என்ற இன்னொரு பீங்கான் கம்பெனியும் 1976-லேயே ஒன்றாகிவிட்டிருந்தன. 2008 நவம்பரில் கடன் தாங்காமல், நொடித்த கம்பெனிகளைக் கவனிக்க நியமிக்கப்படும் நிர்வாகிகளின் கைக்குப் போனது. 2009 ஏப்ரலில் போர்ட்மெய்ரியன் கம்பெனி இரண்டு பெயர்களையும் வாங்கியது, ஆலைக் கட்டடங்களை வாங்கவில்லை. ப்ளூ இத்தாலியன் ஸ்டோக்கிலேயே, போர்ட்மெய்ரியன் ஆலையில் மறுபடி தயாரானது. சர்ச் தெருவில் இரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிய பழைய ஆலையில் இன்று ஓவியர்களின் கூடங்களும் ஸ்போடு அருங்காட்சியக அறக்கட்டளையின் சிறு காட்சியகமும் இருக்கின்றன. ஸ்டோக் போனால் அங்கே ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். செதுக்கிய செம்புத் தகடுகளைக் கண்டால் நிதானமாக நின்று பாருங்கள்.