பீர் என்றாலே கசப்புதானே? அதில் நல்ல பீர், சுமாரான பீர் என்றெல்லாம் உண்டா?

உண்டு. நீங்கள் கேட்டிருக்கும் விதத்திலேயே உங்கள் கதை பாதி தெரிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். யாரோ ஒரு சீனியர் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலை, பல் கூசுகிற ஜில்லிப்போடு கையில் திணித்திருப்பார். பாதி இறங்குவதற்குள் கசப்பும் ஒரு ஸ்பிரிட் நெடியும் தொண்டையில் நின்றிருக்கும். "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லியிருப்பார்கள். பிடிக்காததைப் பழகிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

எனக்குப் பெரம்பூரில் சின்னதாக ஒரு காப்பித்தூள் கடை, அப்பா காலத்திலிருந்து. பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்று கால் கிலோ தூளுக்குக் கால் மணி நேரம் பேசுகிற ஊர் இது. அதே மனிதர்கள் பீர் வாங்கும்போது கேட்பது இரண்டே கேள்வி: கூலிங்கா இருக்கா? ஏறுமா? இவ்வளவு நல்ல நாக்கை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கும்.

குடியைப் பரப்புகிறான் என்று பின்னூட்டம் எழுதக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் பெரியப்பா குடியால்தான் போய்ச் சேர்ந்தார். அந்த வீடு பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். எனக்கு மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. குடிக்காதவர் குடிக்க வேண்டாம். 21 வயது ஆகாதவர் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம். குடித்துவிட்டு வண்டியைத் தொடாதீர்கள். தமிழ்ப் பண்பாடு என்று ஆரம்பிப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அரிசிக் கூழைத் துழாவி ஆற்றி, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளைய வைத்துப் பிழிந்தெடுக்கும் பக்குவம் அதில் வரிசையாக இருக்கிறது. தானியத்தைப் புளிக்க வைத்துக் குடிப்பது நமக்குப் புதிதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் மச்சான் ஜெர்மனியில் பவேரியா பக்கம் வேலை பார்க்கிறான். 2016 டிசம்பரில் ஊருக்கு வந்தபோது, லுங்கியில் சுற்றி இரண்டு பாட்டில் கோதுமை பீர் கொண்டுவந்தான். ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். நான் ஐஸ் எடுத்து வந்தேன். "மாமா, அதைத் தள்ளி வைங்க. இது ஐஸ் போடுற சரக்கு இல்ல" என்றான். நீளமான கண்ணாடித் தம்ளரைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றினான். கடைசி இரண்டு விரற்கடை மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, பாட்டிலை ஒரு சுழற்று சுழற்றி, அடியில் தங்கியிருந்த வண்டலையும் சேர்த்து நுரை மேல் விட்டான். கலங்கலாக, மோர் கலந்த தேன் மாதிரி நின்றது. கெட்டுப்போய்விட்டதோ என்று முகர்ந்தேன்.

பூவன் பழம்! தாரில் நன்றாகப் பழுத்து, தோலில் கரும்புள்ளி விழுந்த பூவன் பழத்தின் வாசனை. அதற்குப் பின்னால் லேசாகக் கிராம்பு.

"எசன்ஸ் ஊத்துறானுங்களாடா?"

"இல்ல மாமா, எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை. ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஆனா நம்ம வீட்டு மாவு ஒரு மாதிரி புளிக்குது, எதிர் வீட்டு மாவு வேற மாதிரி புளிக்குது இல்லையா? அப்படித்தான்."

அதற்குப் பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன். அந்த ஈஸ்ட் புளிக்க வைக்கும்போது உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருள்தான் வாழைப்பழத்திலும் இருக்கிறது. கிராம்பு வாசனையும் ஈஸ்ட் தருவதே. அன்று குடித்ததில் கசப்பு தேடினாலும் கிடைக்கவில்லை. ஒரு தம்ளரை முக்கால் மணி நேரம் வைத்துக் குடித்தேன்.

நம் ஊர்க் கடையில் பெரும்பாலும் இருப்பது லாகர். அந்த ஜெர்மன் சொல்லுக்கே கிடங்கு என்றுதான் பொருள். குளிரில் மெதுவாகப் புளிக்க விட்டு, வாரக்கணக்கில் கிடங்கில் வைத்து எடுப்பது. 1842-ல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் பில்சன் நகரத்தில் யோசஃப் குரோல் காய்ச்சிய பொன்னிற லாகர்தான் இன்றைய மஞ்சள் லாகர்களுக்கெல்லாம் மூதாதை. லாகரை நான் மட்டம் என்று சொல்லவே இல்லை. மே மாதச் சென்னையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சுத்தமான மைல்டு லாகருக்கு ஈடு கிடையாது. எனக்கு ஒத்துவராதது ஸ்ட்ராங் மட்டும். 8 சதவீதம் வரை ஏற்றுவதற்குச் சர்க்கரை, சோளம், அரிசி என்று சேர்ப்பார்கள். போதை ஏறும், மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின், ருசி ஏறாது. சிக்கரியை அள்ளிப் போட்டு டிகாக்ஷனைக் கறுப்பாக்கிவிட்டு ‘ஸ்ட்ராங் காப்பி’ என்று கொடுப்பதைப் போலத்தான் எனக்குப் படுகிறது.

அடுத்த முறை மச்சான் கொண்டுவந்தது ஸ்டவுட். பார்லியைக் கருக வறுத்துக் காய்ச்சுவது. ஜுரத்துக்குக் கஞ்சி வைப்போமே, அதே பார்லிதான். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் தம்ளரின் ஓரத்தில் மட்டும் மாதுளைச் சிவப்பு தெரிந்தது. மூடியைத் திறந்ததும் என் கடை வாசனை! கொட்டையை டிரம்மிலிருந்து கொட்டுவதற்கு முந்தைய நிமிடத்தில் வருமே, அது. சர்க்கரை குறைத்து டிகாக்ஷன் தூக்கலாகக் காப்பி குடிப்பவர்கள் இதைத்தான் தேட வேண்டும்.

இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டதால் இந்தியா பேல் ஏல் என்று பெயர் வாங்கிய ஒன்றும் இருக்கிறது. பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூ தூக்கல், அதனால் கசப்பும் தூக்கல். சிலவற்றில் நாரத்தங்காய்த் தோல் வாசனை வரும். எனக்குப் பிடிக்கவில்லை. வேப்பம்பூ ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்குபவராக இருந்தால் உங்களுக்குப் பிடிக்கலாம்.

இதையெல்லாம் வெளியில் சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி பேட்ச் ஆட்கள் 12 பேர் எழும்பூரில் ஒரு ரெஸ்டாரண்டில் கூடினோம். நான் ஒரு பீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து "என்னடா பாயசம் குடிக்கிற மாதிரி குடிக்கிற" என்றான் ஒருவன். பீரில் கிளிசரின் கலக்கிறார்கள் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இன்னொருவன் அந்தக் கிளிசரினை எடுக்கிறேன் என்று, தண்ணீர் நிரப்பிய தம்ளரில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தான். கீழே இழை இழையாக ஏதோ இறங்கியது. "பாத்தியா, கிளிசரின்!" என்றார்கள் எல்லோரும். மறுநாள் கடையில் ஒரு சின்ன பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி அதேபோல் கவிழ்த்தேன். அதே இழை இறங்கியது. தண்ணீரைவிடக் கனமானது கீழே இறங்கும், அவ்வளவுதான். பீர் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். படம் எடுத்து குரூப்பில் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதைக்கூட விட்டுவிடுவேன். பில் வந்தது. 12-ஆல் வகுத்தார்கள். நாலு லார்ஜ் விஸ்கியும் மட்டன் சுக்காவும் சாப்பிட்டவனுக்கும், ஒரு பீரும் கடலை மசாலாவும் சாப்பிட்ட எனக்கும் தலைக்கு 2,400 ரூபாய். எதுவுமே குடிக்காமல் லைம் சோடாவோடு எழுந்த நண்பனுக்கும் அதே 2,400. அவன் முகம் வாடியதை நான் பார்த்தேன். கேட்டால் கஞ்சன் என்று பெயர் வரும், அதனால் யாரும் கேட்பதில்லை. குடித்தவர்கள் குடித்ததற்குக் கொடுத்தால் நட்பு குறைந்துவிடுமா? அதற்குப் பிறகு நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்ட்ராங்கை விட்டுவிடுங்கள். கோதுமை பீர் கிடைத்தால் அதில் ஆரம்பியுங்கள். பெல்ஜியம் பாணியில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சும் வகையும் முதல் தடவைக்கு நல்லது. பாண்டிச்சேரி, பெங்களூரு போனால் அங்கேயே காய்ச்சி ஊற்றும் இடங்கள் இருக்கின்றன, அளவில் சின்னதாகக் கேளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள், ரொம்ப ஜில்லென்று இருந்தால் நாக்கு மரத்து எதுவும் தெரியாது. தம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருந்தால் நுரை நிற்காது, நன்றாக அலசுங்கள். வாயில் வைப்பதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள். நான் பூவன் என்கிறேன், மச்சான் ரஸ்தாளி என்கிறான், எட்டு வருடத்துக்கு மேலாகத் தீரவில்லை. உங்களுக்கு எந்தப் பழம் வந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள்.